நல்ல வார்த்தையெல்லாம் வேண்டாம் அம்மிணி

மொதலாளி கைய எடுத்துக் கும்புட்டுட்டாருங்க. ரெண்டு ஸ்பெயின்காரம்மாக்களுக்கு முன்னாடி, பேக்கிங் செக்‌ஷன்ல, அத்தன பேரு பார்க்க. "சாரி மேடம், சாரி மேடம், ஒன்லி ஸ்மால் யூனிட் மேடம், அவுட்சைடு ஸ்டிச்சிங், வெரி வெரி ஸ்மால்"னு சொல்லிட்டே என்னப் பார்த்துக் கைய நீட்டறாரு. "ஹெர் சிஸ்டர் மேடம்! ஃபேமிலி மேடம்!"

அந்தம்மாக்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கறாங்க. பெரியவங்க கண்ணாடியக் கழட்டிட்டு மெதுவாக் கேக்கறாங்க. "வாட் அவுட்சைடு?"

ச்சை. இப்ப நெனச்சாலும் குமட்டுது.

இருங்க, மொதல்ல இருந்து வர்றேன். நேத்து நம்ம பாஷை படிக்கற குரூப்ல நீங்கதானே கேட்டீங்க, "ஸ்பானிஷ்ல அதிருப்தியச் சொல்ற வார்த்தை எல்லாத்தையும் யாராச்சும் ஒண்ணாச் சேர்த்து அனுப்புங்க"ன்னு? உங்க மெசேஜப் பார்த்துட்டுச் சும்மா போக முடியல சிஸ். வேற யாராச்சும் கலர் பேரு கேட்டாங்களா, பழத்துப் பேரு கேட்டாங்களா, நான் பாட்டுக்குப் போயிருப்பேன். நீங்க போயி இதக் கேட்டுட்டீங்க. இந்த குரூப்ல இதுல என்னய விட்டா ஆளே கெடையாது, அத நானே சொல்லிக்கறேன். ஆனா வார்த்தைய வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க. வேலைக்கு நடுவுல நடுவுல டைப் பண்றேன். விட்டு விட்டு வரும். கண்டுக்காதீங்க.

பேரு சிந்துஜா. ஊரு திருப்பூரு. பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங்ல ஜூனியர். அதாவது துணி வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போடறது, சாம்பிள் அனுப்பறது, "டுடே டெஃபனட்லி மேடம்"னு தெனமும் எழுதறது. இப்ப அதுல இல்ல. இப்ப ஸ்டோர்ல உக்காந்து பட்டன் கலர் பிரிச்சுட்டிருக்கேன். வெள்ளைல எத்தன வெள்ளை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? ஒண்ணு பால் வெள்ளை, ஒண்ணு முட்டை வெள்ளை, ஒண்ணு செத்துப் போன பல்லி வெள்ளை. எல்லாத்தையும் ஒரே டப்பால கொட்டி வெச்சிருக்கானுக. த்தூ.

எனக்குச் சின்ன வயசுல இருந்தே பாஷைன்னா உசுரு. கொரியன் பாதி படிச்சேன், பிரெஞ்சு கால்வாசி படிச்சேன். டிபன் பாக்ஸ் மூடில என்ன எழுதியிருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அது எப்பிடியோ மொதலாளி காதுக்குப் போயிருச்சு. ஒரு நாள் கேபினுக்குள்ள கூப்புட்டாரு. ஈஸ்வரமூர்த்தின்னு பேரு. மிஷின்ல நூல் அறுந்தாக்கூட மூணாவது மாடில இருந்து கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லிக்கற ஆளு.

"ஏம்மிணி, உனக்குப் பாஷைப் பைத்தியமாமா?"

"ஆமாங்க."

"இந்த ஸ்பெயின்காரவிய வர்றாங்கல்ல. நம்மகிட்ட இங்கிலீஷ்ல குட்டு குட்டுங்கறாங்க. அப்பறம் அப்பிடித் திரும்பிக்கிட்டு அவிய பாஷைல என்னமோ குசுகுசுங்கறாங்க. எனக்கு அந்தக் குசுகுசு வேணும்."

எனக்குத் தலகால் புரியல. கம்பெனி நேரத்துலயே ஸ்பானிஷ் படிக்கலாம்! "படிச்சர்றேனுங்க! மொதல்ல வணக்கம், நல்லாருக்கீங்களா, உங்க பேரென்ன..."

"அதெல்லாம் எதுக்கு? நல்ல வார்த்தையெல்லாம் வேண்டாம் அம்மிணி. நல்லாருந்தா மூஞ்சிக்கு நேரா இங்கிலீஷ்லயே சொல்லிருவாங்க. நல்லால்லீங்கறதத்தான் அவிய பாஷைல பேசுவாங்க. அத மட்டும் படி."

அதெப்பிடிங்கன்னு கேட்டேன்.

"சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருக்கறியா?"ன்னாரு.

"அக்கா கல்யாணத்துக்கப்பறம் போயிருக்கேனுங்க."

"எலைல உக்காந்துட்டு என்ன சொன்னீங்க?"

"பிரமாதமுங்க, நாங்க இப்பிடிச் சாப்பிட்டதே இல்லீங்கன்னு..."

"வண்டில ஏறிக் கதவச் சாத்துனதுக்கப்பறம்?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ரசம் வெறுந்தண்ணிங்க. பாயாசத்துல முந்திரியத் தேடணுமுங்க."

"ஆங். கதவச் சாத்துனதுக்கப்பறம் பேசறதுதான் நெசம். எலைல பேசறது மரியாதை. நீ எனக்குக் கதவச் சாத்துனதக் கேட்டுச் சொல்லு. மார்ச்ல பார்சிலோனாவுக்கு எக்ஸிபிஷன் போறேன். ஒழுங்காப் படிச்சியா, உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

பார்சிலோனா! அன்னைக்கு நான் படிக்கட்டுல எறங்கல, பறந்தேன். அப்பப் பறந்ததுதான். ஸ்டோர்ல வந்து விழுந்திருக்கேன்.

இருங்க, திவாகரண்ணா வர்றாரு. என்னோட சீனியரு.

போயிட்டாரு. "என்னங் ஸ்பெயினு, பட்டனுக்கெல்லாம் பாடம் நடக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. மூஞ்சியப் பாருங்க. அந்தாளுக்கும் ஒரு வார்த்தை வெச்சிருக்கேன். சொன்னா குரூப்ல இருந்து தூக்கிருவாங்க.

எங்க விட்டேன்? ஆங். படிக்க ஆரம்பிச்சேன். போன்ல ஒரு ஆப். அதுல மொதப் பாடம் வணக்கம். தாண்டிட்டேன். குடும்பம். தாண்டிட்டேன். கலர், பழம், கெழமை, எல்லாத்தையும் தாண்டித் தாண்டிப் போயி, 'ஹோட்டலில் புகார் செய்தல்'னு ஒரு பாடம் இருந்துச்சு. அங்க உக்காந்தேன். அப்பறம் வீடியோவாத் தேடித் தேடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டை, கடைக்காரன்கிட்டச் சண்டை, பஸ் லேட்டாச்சுன்னு சண்டை. ஐயோ சிஸ், என்ன பாஷைங்க அது! குறை சொல்றதுக்குன்னே செஞ்ச பாஷை மாதிரி இருக்கும். 'கே அஸ்கோ'ன்னா எவ்ளோ அருவருப்புன்னு அர்த்தம். சொல்லும்போதே வாய் கோணும் பாருங்க. 'மெ தா ராபியா'ன்னா பத்திக்கிட்டு வருதுன்னு. 'எஸ்தோய் ஆர்த்தா'ன்னா சலிச்சுப் போச்சு, வெறுத்துப் போச்சு. அதுலயும் பொம்பள சலிச்சா ஆர்த்தா, ஆம்பள சலிச்சா ஆர்த்தோ. சலிப்புல கூடத் தனித்தனி வரிசை! 'நோ அகுவாந்தோ மாஸ்'னா இதுக்கு மேல தாங்காது. 'கே வெர்குவென்சா', வெக்கக்கேடு. 'சப்பூசா'ன்னா அரைகொறையாச் செஞ்சு வெச்ச வேலை. 'எங்கான்யோ'ன்னா ஏமாத்து. எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது 'அஸ்தா லாஸ் நரீசெஸ்'. மூக்கு வரைக்கும் வந்திருச்சுன்னு அர்த்தம். வெறுப்பு அப்பிடியே தண்ணி மாதிரி ஏறி ஏறி மூக்கு வரைக்கும் வந்து நிக்குதாமா. யாரு யோசிச்சாங்களோ, அவங்க வாய்க்குச் சக்கரை போடணும்.

வீட்ல அம்மா உப்புமாவ வெச்சா கே அஸ்கோ. பஸ்ல மேல இடிச்சா மெ தா ராபியா. கரண்டு போனா எஸ்தோய் ஆர்த்தா. எங்கம்மா, "இவளுக்குப் பேய் புடிச்சிருக்குதுங்க, மந்திரிக்கணும்"னு எங்கப்பாகிட்டச் சொல்லிட்டிருந்துச்சு. நன்றிக்கு என்ன, நல்லாருக்குன்னா என்ன, ஒண்ணும் தெரியாது எனக்கு. தெரிஞ்சுக்கணும்னும் தோணல. நல்ல வார்த்தைல என்னங்க இருக்குது?

சாயங்காலம் ஆனா அக்கா ஷெட்டுக்குப் போயி அங்க உக்காந்து படிப்பேன். எங்கக்கா தேன்மொழி. அவளும் ரங்கராஜ் மாமாவும் வீட்டுக்குப் பின்னாடி தகரம் போட்டு, தையல் மிஷின் வெச்சிருந்தாங்க. கல்யாண நகையெல்லாம் அந்த மிஷினாத்தான் நிக்குதுன்னு மாமா அடிக்கடி சொல்லுவாரு. எங்க கம்பெனிலதான் வேலை. துணிய வெட்டிக் குடுப்பாங்க, இவங்க தைச்சுக் குடுப்பாங்க. வேற கம்பெனி கெடையாது, வேற வருமானம் கெடையாது. அந்த வேலைய மொதலாளிகிட்டச் சொல்லி வாங்கிக் குடுத்ததே நான்தான். அதையும் இங்க பதிவு பண்ணிக்கறேன், ஏன்னா இப்ப யாரும் அத ஞாபகம் வெச்சுக்கறதில்ல.

மிஷின் ஓடற சத்தத்துக்கு மேல நான் கத்திக் கத்திப் படிப்பேன். அக்கா சிரிச்சுக்கிட்டே மிதிப்பா.

"என்னடி அது, மூக்கு மூக்குங்கறே?"

"மூக்கு வரைக்கும் வந்திருச்சுன்னு அர்த்தம்க்கா. வெறுப்பு."

"மூக்கு வரைக்கும்தானா? ஸ்பெயின்ல சொகமாத்தான் இருக்காங்க. இங்க உச்சந்தலையத் தாண்டிப் போயிட்டிருக்குது. ஏங்க, கேட்டீங்களா, உங்கள எனக்கு நரீசெஸ் வரைக்கும்!"

மாமா அந்தப் பக்கம் இருந்து, "எனக்கும்தான்"ம்பாரு. சிரிப்பாங்க.

ஒரு நாள் கேட்டா, "சரி, சந்தோசமா இருந்தா என்னடி சொல்லுவாங்க?"

"அது படிக்கலக்கா. மொதலாளி வேண்டாம்னுட்டாரு."

"அடக் கொடுமையே. திட்டறதுக்கு மட்டும் ஒரு பாஷையா?"ன்னா.

இருங்க. டீ வந்திருச்சு.

டீ இல்ல சிஸ், கழனித்தண்ணி. சரி, வர்றேன்.

இப்ப ஒரு விசயம் சொல்லணும், இல்லீன்னா உங்களுக்குப் புரியாது. அந்த ஸ்பெயின் பையருக்கு ஒரு ரூல் இருக்குது. அவங்க வந்து பார்த்து ஓகே பண்ணுன கட்டடத்துக்குள்ளதான் எல்லாமே தைக்கணும். வெளிய குடுக்கக் கூடாது. குடுத்தாத் தொடர்பே கட். மொதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாரு. ஆனா கப்பல் தேதி நெருங்கும்போது கையெழுத்து வந்து தைக்குமா? வெட்டுன துணி அக்கா ஷெட்டுக்குப் போயிரும். பத்திரமாத் திரும்பி வந்து மத்ததோட கலந்துரும். எது உள்ள தைச்சது, எது வெளிய தைச்சதுன்னு கடவுளுக்கும் தெரியாது. அக்கா கை அவ்ளோ சுத்தம்.

அந்தம்மாக்க வந்தாங்க. பெரியவங்க நூரியா, நரைச்ச முடி, கண்ணாடி, எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க. சின்னவங்க மைத்தே, முப்பது இருக்கும், அன்னைக்கு மூஞ்சி வீங்கியிருந்துச்சு. பிளைட் தூக்கம்னு நெனச்சேன். மொதலாளி திட்டம் என்னன்னா, நான் தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஒண்ணுந்தெரியாத புள்ள மாதிரி பின்னாடியே போகணும். காதுல விழறத அப்பப்ப மொதலாளிக்கு வாட்ஸ்அப் பண்ணணும். அவரு முன்னாடி நடப்பாரு, சட்டப் பாக்கெட்ல போன் அதிரும், எடுத்துப் பார்த்துக்குவாரு. எவ்ளோ யோசிச்சிருக்காரு பாருங்க. அந்த மூளைய ரூல் மேல காட்டியிருக்கலாம்.

கட்டிங் செக்‌ஷன். நூரியா மொதலாளிகிட்ட, "வெரி க்ளீன், வெரி நைஸ்"ங்கறாங்க. மைத்தே ஒண்ணும் பேசல. மொதலாளி என்னத் திரும்பிப் பார்க்கறாரு. நான் உதட்டப் பிதுக்குனேன்.

தையல் செக்‌ஷன்ல ஆரம்பிச்சுது. மைத்தே நூரியா காதோரமாப் போயி கடகடன்னு பேசறாங்க. பாட்டிலத் தூக்கிட்டு ஒரு எட்டு கிட்டப் போனேன். ஒண்ணுமே புரியல, ஒண்ணுமே புரியல, திடீர்னு நடுவுல, எஸ்தோய் ஆர்த்தா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. நெசமான ஸ்பெயின்காரி வாயில இருந்து, ஆப்புல வந்த அதே வார்த்தை! டைப் பண்ணுனேன்: 'சலிச்சுப் போச்சுங்கறாங்க.' மொதலாளி பாக்கெட் அதிருது. பார்த்தாரு. நெத்தியத் தொடச்சாரு.

அப்பறம் மழை மாதிரிங்க. கே அஸ்கோ. 'அருவருப்பா இருக்குதாம்.' சப்பூசா. 'அரைகொறை வேலையாம்.' கே வெர்குவென்சா. 'வெக்கக்கேடாம்.' நான் படிச்சது ஒவ்வொண்ணா வருது, ஒண்ணு கூட வீணாப் போகல! நடுநடுவுல மரீதோ, மரீதோன்னு ஒண்ணு வந்துட்டே இருந்துச்சு. அது எனக்குத் தெரியல. ஏதோ துணி பேரா இருக்கும்னு விட்டுட்டேன்.

மொதலாளி நடை மாறிப் போச்சு. நூரியா, "ஐ லைக் திஸ் லைன்"ங்கறாங்க. அவரு அத நம்பவே இல்ல. எலைல சொல்றது அது. போனத்தான் பார்க்கறாரு.

கடைசியா பேக்கிங். மேஜை மேல அக்கா தைச்ச ரோம்பர் குமிஞ்சு கெடக்குது. கைக்கொழந்தைக்கு மேலயும் கீழயும் ஒண்ணாச் சேர்த்துப் போடற உடுப்பு. மஞ்சக் கலரு, நெஞ்சுல ஒரு வாத்து. மைத்தே அதுல ஒண்ண எடுத்தாங்க. அந்த வாத்த வெரலால தடவுனாங்க. கால்கிட்ட இருக்கற பிரஸ் பட்டனத் தொறக்கறாங்க, மூடறாங்க, தொறக்கறாங்க, மூடறாங்க. கண்ணுல தண்ணி! சொன்னா நம்ப மாட்டீங்க, கண்ணுல தண்ணி கட்டி நிக்குது. அத நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நூரியாகிட்டச் சொல்றாங்க, "எங்கான்யோ"ன்னு. அப்பறம் "நோ அகுவாந்தோ மாஸ்".

அழுகற அளவுக்கு மோசமாவா தைச்சு வெச்சிருக்கறா எங்கக்கான்னு எனக்கே வெக்கமாப் போச்சு. டைப் பண்ணிப்போட்டேன்: 'ஏமாத்துங்கறாங்க. அக்கா ஷெட்டுப் பீஸக் கையில வெச்சிருக்காங்க. இதுக்கு மேல தாங்காதாம்.'

பாக்கெட் அதிருச்சு. பார்த்தாரு. கும்புட்டுட்டாரு.

அதுக்கப்பறந்தான் நான் மேல சொன்னது. "வாட் அவுட்சைடு?"ன்னு அந்தம்மா கேட்டாங்கல்ல, அப்பவாச்சும் வாய மூடியிருக்கலாமல்ல? மூடல. எந்தத் தெரு, எந்த வீடு, எப்ப இருந்து, அத்தனையும் கொட்டிட்டாரு. பாவமன்னிப்புக் கேக்க வந்தவரு மாதிரி. நூரியா கண்ணாடிய மறுபடியும் போட்டாங்க, ஃபைல மூடுனாங்க. அதுக்கப்பறம் நைஸும் இல்ல, குட்டும் இல்ல. ஆர்டர் போச்சு. அடுத்ததும் போச்சு. வெளிய ஒரு நூல் கூடப் போகக் கூடாதுன்னு மொதலாளி அன்னைக்கே கேட்டு வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வெச்சுட்டாரு.

அவங்க கெளம்பும்போது நான் மைத்தேகிட்டப் போனேன். எனக்கு ஆத்தாமை. அக்காவோட தையல்ல அப்பிடி என்ன குறைன்னு தெரிஞ்சாகணுமல்ல? இங்கிலீஷ்ல கேட்டேன். "நீங்க எங்கான்யோன்னு சொன்னீங்க. வெர்குவென்சான்னு சொன்னீங்க. அந்த ரோம்பர்ல என்னங்க தப்பு?"

அந்தப் பொம்பளைக்கு மூஞ்சி செவந்து போச்சு. "உனக்கு ஸ்பானிஷ் தெரியுமா?"ன்னாங்க. அப்பறம் மெதுவாச் சொல்றாங்க. அவங்க புருஷன் இன்னொருத்திகூட இருக்கானாம். வர்றதுக்கு மொதநாள்தான் தெரிஞ்சுதாம். அவளுக்குக் கொழந்த பொறக்கப் போகுதாம். இவங்களுக்கு எத்தனையோ வருஷமா இல்லியாம். அவன் பாதில விட்டுட்டுப் போன சமையலறை வேலையத்தான் சப்பூசான்னாங்களாம். "உங்க துணி ரொம்ப அழகா இருந்துச்சு"ன்னாங்க.

மரீதோன்னா புருஷனாம். குடும்பம்ங்கற பாடத்துல வருதாம். நான் தாண்டிட்டேனே, அதுல.

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க! கே அஸ்கோ! வேலை விசயமா வந்த எடத்துல புருஷன் கதையப் பேசலாமா? ஒரு ஒழுங்கு வேண்டாமா? உங்க வீட்டு விசயத்துக்கு எங்கக்கா தைச்ச துணியப் புடிச்சுட்டு எதுக்குங்க அழுகணும்? வேற துணியே இல்லியா அந்த மேஜைல? அவ்ளோ பெரிய நாட்டுல இருந்து வந்துட்டு, பொறுப்பே இல்ல. அந்த ஆப்புக்காரன் மேலயும் எனக்குக் கோவம். புருஷனுங்கற வார்த்தைய எதுக்குக் குடும்பத்துல கொண்டு போயி வெக்கறான்? புகார்ல வெச்சிருந்தா நான் படிச்சிருப்பேன்.

மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? "இத்தன படிச்சியே அம்மிணி, ஒரே ஒரு நல்ல வார்த்தை சேர்த்துப் படிச்சிருக்கக் கூடாதா?" வேண்டாம்னு சொன்னது யாருங்க? வாய் கூசல பாருங்க.

நான் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பா? நீங்களே சொல்லுங்க. அவங்க சொன்னாங்க, நான் எழுதுனேன். ஒண்ணு விடாமப் புடிச்சேன். அதுக்குப் பரிசு பட்டன்.

சரி, மணி ஆயிருச்சு. பஸ்ஸுக்குப் போறேன். இன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். அது நடந்ததுக்கப்பறம் இன்னைக்குத்தான் போறேன். போன்ல பேசுனேன், அன்னைக்கே. "எம்மேல ஒரு தப்பும் இல்லக்கா"ன்னு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். அக்கா, "போச்சாது, விடு கண்ணு"ன்னா. அவ்ளோதான். எங்க ஊர்ல போச்சாதுன்னா, போனாப் போகுது, பரவால்லன்னு. அக்கா எப்பவுமே அப்பிடித்தான், எதையும் மனசுல வெச்சுக்க மாட்டா.

பஸ்ல இருக்கேன். அம்மா ஒப்புட்டு, அதாங்க போளி, சுட்டுக் குடுத்திருக்குது, டிபன் கேரியர் மடில சூடா இருக்குது. அக்காவுக்கு ஒப்புட்டுன்னா உசுரு. பக்கத்துல ஒருத்தரு ஒரு மாசமாத் தொவைக்காத சட்டையோட. ஆர்த்தா, ஆர்த்தா, ஆர்த்தா. ஸ்டாப் வருது, எறங்கறேன்.

வெளிய வந்துட்டேன். தெருவுல நின்னு டைப் பண்றேன். இன்னும் இருட்டல.

நல்லாத்தான் கவனிச்சா அக்கா. "வா கண்ணு, உக்காரு"ன்னா. காப்பி குடுத்தா. ஷெட்டுல சத்தமே இல்ல. எட்டிப் பார்த்தேன், மிஷினுக்கெல்லாம் பெட்ஷீட்டு போத்தி வெச்சிருக்காங்க. தூசி படாம நீட்டா. மாமா டெம்போ ஓட்டப் போறாராம். வெளிய காத்தாடப் போயிட்டு வர்றது அவருக்கும் நல்லதுதானே. என்னமோ போனப் பார்த்துட்டே உக்காந்திருந்தாரு, தல நிமிரல. ஆம்பளைங்க அப்பிடித்தான். ஒப்புட்ட அக்கா வாங்கி அப்பிடியே செல்ப் மேல வெச்சா. "அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்"ன்னா.

நான் மறுபடியும் சொன்னேன். "ஒரு வார்த்தை கூட நான் தப்பாச் சொல்லலக்கா. மூக்கு வரைக்கும் வந்தாக்கூடத் திட்டீரு, மனசுல வெச்சுக்காத."

அக்கா சிரிச்சா. "எதுக்குத் திட்டறேன்? நீ நல்லாப் படிச்சிருக்கறே கண்ணு. அத்தன பேச்சுல ஒண்ணு விடாமப் புடிச்சிருக்கறியே. ரொம்பக் கெட்டிக்காரி."

பார்த்தீங்களா! அத்தன பேரும் என்னக் காறித் துப்பும்போது, எங்கக்கா ஒருத்தி பாராட்டறா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"போயிட்டு வர்றேன்க்கா."

"அடிக்கடி வா கண்ணு"ன்னா. வாசல் வரைக்கும் வந்து கையாட்டுனா.

செருப்பு மாட்டிட்டு நாலு எட்டு வெச்சேன். டிபன் கேரியர விட்டுட்டேனேன்னு திரும்புனேன். வாசல்கிட்ட வரும்போது உள்ள அக்கா மாமாகிட்டக் கேக்கறது காதுல விழுந்துச்சு. மெதுவாத்தான் கேட்டா. ஆனா எனக்குத்தான் இதுக்குன்னே காதத் தீட்டி வெச்சிருக்குதே.

"போயிட்டாளா?"

"ம்."

"கதவச் சாத்துங்க."

சாத்திட்டாங்க.

கொசுவுக்காக இருக்கும். எங்க ஊர்ல சாயங்காலமானா கொசு பிச்சு எடுத்துரும், எல்லா வீட்லயும் இந்நேரத்துக்குச் சாத்திருவாங்க. டிபன் கேரியர் உள்ளயே இருக்குது. தட்டலாமா வேண்டாமான்னு நின்னுட்டுத்தான் இத டைப் பண்ணிட்டிருக்கேன். இந்தத் தெருவுல மத்த வீட்டுக் கதவெல்லாம் தொறந்துதான் கெடக்குது.

ஏனுங்க சிஸ், உங்களுக்கும் எப்பவாச்சும் இந்த மாதிரி ஆயிருக்குதுங்களா?